முருகேஸ்வரியின் ஈர அறை

திண்டுக்கல்லில் நான் ஏறிய முதல் பஸ்ஸே என்னை ஏமாற்றிவிட்டது. நான் இறங்க வேண்டிய ஊர் ரெட்டியார்சத்திரம். பேருந்து நிலையத்தில் பழனி என்று போர்டு போட்ட வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. போகிற வழியில்தானே ஊர் இருக்கிறது என்று தாவி ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்டபோது கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏறும்போதே கேட்டு ஏறக் கூடாதாண்ணே? இது அங்கிட்டு நிக்காது. ஒட்டன்சத்திரத்துல எறங்கி டவுன் பஸ்ஸப் புடிச்சுத் திரும்பி வாங்க."

"கொஞ்சம் நிறுத்தினா குதிச்சிடுவேன் லா."

"என்னது, லாவா?" என்று அவர் கேட்க, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரெட்டியார்சத்திரம் ஜன்னலில் வந்து, ஜன்னலிலேயே போய்விட்டது. போய்த் திரும்பி வந்து சேர்ந்தபோது, முதல் நாள் வேலைக்கே இரண்டு மணி நேரம் தாமதம். பதினோரு வருடமாக மற்றவர்களின் தாமதத்தைக் குறித்து வைத்துத் திட்டுவதே தொழிலாக இருந்தவனுக்கு இது தேவைதான்.

நான் மலேசியாக்காரன், அந்த 'லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால். பெயர் குணா. கேமரன் மலையில் ஒரு தக்காளித் தோட்டத்தில் மேற்பார்வையாளர். எங்கள் தோட்டத்தில் சில வருடமாக மண்ணில் ஒரு நோய். நன்றாக நிற்கிற செடி நாலே நாளில் தலை தொங்கிச் சாகும். ரெட்டியார்சத்திரம் பக்கம் சுண்டைச் செடியின் வேரில் கத்தரியையும் தக்காளியையும் கையாலேயே ஒட்டுக் கட்டுகிறார்கள், அந்த வேரை நோய் அண்டாது என்று எங்கள் முதலாளி எங்கேயோ கேள்விப்பட்டார். பதினைந்து நாள் போய்க் கற்றுக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார். கற்றுக்கொண்டு வந்தால் ஒட்டுக் கூடம் கட்டித் தருகிறேன் என்றார். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்றுப் பண்ணையின் உரிமையாளர் தங்கவேல். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர், பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்டுவார். "ஏனுங்க, மலேசியாவுல கடிகாரம் மெதுவா ஓடுமுங்களா?" என்றுதான் என்னை வரவேற்றார்.

பச்சை வலைக் கூடாரத்துக்குள் நீளமான மேசை. ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிளேடு. சுண்டை நாற்றின் தலையைச் சாய்வாக வெட்டி எறிந்துவிட்டு, அதே சாய்வில் வெட்டிய கத்தரித் தலையை அதன்மேல் உட்கார வைத்து, சின்ன ரப்பர் கிளிப்பை மாட்டினால் ஒட்டு முடிந்தது. கீழே காட்டு வேர், மேலே கத்தரி. சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதும். செய்து பார்த்தால்தான் சேதி தெரியும். நான் ஒன்று கட்டி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த பாக்கியம் அக்கா பத்துக் கட்டிவிட்டு, "அப்பு, அது செடி. ஆபரேசன் இல்ல" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு.

எனக்குக் கற்றுக்கொடுக்க விட்டது முருகேஸ்வரியை. இருபத்தாறு வயதுதான் இருக்கும். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆறு வருடம் தினக்கூலியாக இருந்துவிட்டுப் போன மாதம்தான் மாதச் சம்பளத்துக்கு வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் அறைக்கு அவள்தான் பொறுப்பு. அதை எல்லோரும் ஈர ரூம் என்றார்கள்.

"வெட்டி ஒட்டுன செடிக்குத் தண்ணி உறிஞ்சத் தெரியாதுண்ணே. காயம் ஆறுற வரைக்கும் ஒரு வாரம் இருட்டுலயும் ஈரத்துலயும் கெடக்கணும். ஆஸ்பத்திரில ஐசியு மாதிரி. நான் மட்டும்தான் உள்ள போவேன். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா புகை மாதிரி தண்ணி அடிச்சுட்டு மூடிருவேன்."

தங்கவேல் குறுக்கிட்டார். "இப்ப உள்ள போற நாத்துத் தட்டெல்லாம் எரியோட்டு விவசாயி ஒருத்தருக்குங்க. பெரிய ஆர்டர். இது நல்லபடியா வந்துச்சுன்னா ரூமு இந்தப் புள்ளகிட்டயே இருக்கும். இல்லைன்னா வேடசந்தூர்ல டிப்ளமா படிச்சவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காருங்க, அவரப் போட்டுருவேன்." அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் கிளிப் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். "பசியாறலாமா?" என்று நான் கேட்டதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம் என்றேன். "நல்லாத்தான இருக்கு" என்றார் பாக்கியம் அக்கா. அன்றிலிருந்து பதினைந்து நாளும் அந்தக் கூடாரத்தில் யாரும் சாப்பிடவில்லை, பசியாறினார்கள். நான் கடையில் வாங்கிவந்த தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்து, "வெஞ்சனம் இல்லாமயா?" என்று ஆளாளுக்கு ஒரு கரண்டி வைத்தார்கள். அவரைக்காய், கருவாடு, கத்தரிக்காய் வதக்கல், பெயர் தெரியாத ஒரு கீரை. எங்கள் தோட்டத்தில் வங்காளதேசத்துக்காரர்கள் ஒரு மூலை, நேபாளத்துக்காரர்கள் ஒரு மூலை, மேற்பார்வையாளர் ஆபீஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. பதினோரு வருடத்தில் அவர்களில் ஒருவர் சட்டியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

முருகேஸ்வரி அப்போதுதான் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். "முன்ன எங்க வீட்டுக்காரரு யாராச்சும் கேட்டா, கூலிக்குப் போயிருக்காம்பாரு. ரூமு என் கைக்கு வந்ததுக்கு அப்புறம், வேலைக்குப் போயிருக்காங்குறாரு. ஒரே வார்த்தைதான் மாறியிருக்கு. ஆனா அம்புட்டு நல்லா இருக்குண்ணே."

சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு சண்டை போட்டேன். மேசையில் ஆளுக்கு ஒரு வரிசை தட்டு. தன் வரிசையை முடித்த பாக்கியம் அக்கா எழுந்து வந்து என் வரிசையின் கடைசித் தட்டிலிருந்து கட்ட ஆரம்பித்துவிட்டார். "இது என் தட்டு அக்கா, யார் கட்டினதுன்னு கணக்கு வேணும்" என்றேன், கொஞ்சம் சூடாகவே. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஆள் பெயர் உண்டு. யார் கட்டியது செத்தது என்று தெரிந்தால்தானே யாரைத் திட்டுவது என்று தெரியும்?

"களை எடுக்கப் போனா நெரை புடிப்போம்ல" என்றாள் முருகேஸ்வரி. "ஆளுக்கு ஒரு நெரை. முன்னாடி முடிச்சவ, பின்தங்குனவ நெரைல அந்தக் கடைசில இருந்து எதுத்தாப்ல வருவா. நடுவுல ரெண்டு பேரும் சந்திச்சுட்டா முடிஞ்சுச்சு. அதேதாண்ணே இங்கயும். ஒருத்தி மட்டும் குனிஞ்சு கெடக்க, மத்தவ கரைல நின்னு பாக்க முடியுமா?" இந்த லட்சணத்தில் வேலை செய்தால் தரம் எப்படி வரும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அன்று மாலை நோட்டில் அதைக் குறையாகவே எழுதியும் வைத்தேன்.

மூன்று நாளில் எரியோட்டுக்காரரின் தட்டுகள் மொத்தமும் ஈர ரூமுக்குள் போய்விட்டன. நான்காம் நாள்தான் என் புத்தி புல் மேயப் போனது.

அன்று சரியான டவுன் பஸ் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிட்டேன். ஆடி மாதம். இந்தச் சமவெளியில் ஆடிக் காற்று என்றால் சும்மா இல்லை. நடப்பவனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுக்கும், வாயைத் திறந்தால் மண். நாற்றுப் பண்ணையில் ஈ காக்கை இல்லை. ஈர ரூமின் பிளாஸ்டிக்கில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது.

எங்கள் மலையில் ஈரம்தான் எதிரி. விடிந்ததும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாகக் குடில்களின் பக்கத் திரையைச் சுருட்டிவிட்டுக் காற்றை உள்ளே விடுவோம். விடாவிட்டால் ஒரே வாரத்தில் சாம்பல் பூத்துச் செடி அழுகிவிடும். ஒவ்வொரு விடியலிலும் செய்து பழகிய கை. முருகேஸ்வரி முதல் நாள் சொன்ன பாடம் காதில் இருந்தது, கைக்கு வரவில்லை. கயிற்றை அவிழ்த்தேன், இரண்டு பக்கத் திரையையும் தூக்கிக் கட்டினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். சூடான டீ, கூடவே ஒரு உளுந்து வடை. அந்த வடையின் ருசி இப்போது நினைத்தாலும் என்னைக் குத்துகிறது.

திரும்பி வந்தபோது எல்லாத் தலையும் தொங்கியிருந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு இல்லை. அறை முழுக்க. அனல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தது. கிளிப்புக்கு மேலே இருந்த கத்தரி இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி சுருண்டு கிடந்தது. அவசர அவசரமாகத் திரையை இறக்கிக் கட்டினேன். ரோட்டில் பெண்கள் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

தண்ணீர் அடிக்க உள்ளே போன முருகேஸ்வரி வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தங்கவேல் ஓடிவந்தார், உள்ளே போனார், வெளியே வந்தார். "என்னங்க இது? ஏம்மா, நேத்து சாயங்காலம் தண்ணி அடிச்சியாம்மா இல்லையா? பொறுப்பு குடுத்தா இப்படித்தானுங்களா?" மரியாதையான திட்டு இவ்வளவு நீளமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. அவள் தலையைக் குனிந்தபடி, "நான்தான் பாத்திருக்கணும்ணே" என்று மட்டும் சொன்னாள்.

நான் கையில் பிளேடோடு நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அன்றே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள், முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது, ஒட்டுக் கூடம் என்ன ஆகும் என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இவள் உள்ளூர்க்காரி, இவளுக்கு வேறு வேலை கிடைத்துவிடும் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. அதை நினைத்தது நான்தான், மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை திண்டுக்கல் டவுனில் பிரியாணிக் கடைக்குப் போனேன். வந்த நாளிலிருந்து காத்திருந்த சாப்பாடு. சீரக சம்பா அரிசி, விரல் நுனி அளவுக்கு நறுக்கிய கறி, மிளகுக் காரம். மேசையில் எனக்கு எதிரே ஒரு குடும்பம் பேச்சே இல்லாமல் இலையை வழித்துக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "ஏன் சார், கறி வேகலையா?" என்று பரிமாறுகிறவர் வருத்தத்தோடு கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நம்பாமல் என் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். மலைக்கோட்டைப் பாறை மேல் வெயில் மங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்று காத்திருந்தேன். முருகேஸ்வரி இறங்கியதும் குறுக்கே போய் நின்றேன். "நேத்து ரூமைத் திறந்தது நான்" என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"தெரியும்ணே" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். "எப்படி?"

"நாங்க திரைக் கயித்துல, இழுத்தா உருவிக்கிற மாதிரி ஒத்த முடிச்சுப் போடுவோம். அது ரெட்டை முடிச்சா இறுகிக் கெடந்துச்சு. இங்க யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க. தங்கவேல் அண்ணன் வாரதுக்குள்ள நான்தான் அத அவுத்துட்டு மறுபடி எங்க முடிச்சாப் போட்டேன்."

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா ஒங்கள உடனே அனுப்பிருவாரு. இம்புட்டு தூரம் கடல் தாண்டி கத்துக்க வந்துருக்கீக." தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். பிறகு, "அதுவுமில்லாம, பொறுப்பு என்னோடதுண்ணே. பூட்டு கேட்டு வாங்கிப் போட்டிருக்கணும், போடல. யாரு தொறந்தாலும் அது நான் பாக்காம விட்டதுதான்" என்றாள்.

நான் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் நின்றுவிட்டாள். "என்னையக் காப்பாத்துறேன்னு சொல்லப் போகாதீங்கண்ணே. என் பங்கு தப்ப நான் நேத்தே சொல்லிட்டேன். ஒங்க பங்க நீங்க சொல்றதா இருந்தா சொல்லுங்க." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தங்கவேல் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங்க குணா, இந்த வாய் நேத்து எங்க போச்சுங்க?" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்தப் புள்ள அம்புட்டுப் பேச்சு வாங்குச்சுங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க." அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

என்னை அனுப்பவில்லை அவர். கெடுத்தவரே உட்கார்ந்து கட்டட்டும் என்றார். அடுத்த ஆர்டருக்காக வளர்த்து வைத்திருந்த சுண்டை நாற்றும் கத்தரி நாற்றும் போதுமான அளவு இருந்தன, அவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். முருகேஸ்வரி விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. "ரூமுக்குப் பூட்டு போடாதது அவ தப்புதானுங்க. எரியோட்டுக்காரர் காத்திருக்க ஒத்துக்கணும், மறுபடி கட்டுறது பொழைக்கணும். ரெண்டும் நடந்தா ரூமு அவளுக்கு. ஒண்ணு தவறினாலும் நான் வேடசந்தூருக்குப் போன் போட்டுருவேன்."

போனில் சொல்லிவிடலாம் என்றேன் நான். முருகேஸ்வரி கேட்கவில்லை. இரண்டு பேரும் திண்டுக்கல் போய் எரியோடு பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அவள் கையில் ஒரு சீட்டு, என்னிடம் மட்டும் காசு வாங்கினார் கண்டக்டர். "மலேசியாவுல பொம்பளைகளுக்கு இந்த மாதிரி உண்டாண்ணே?" என்று கேட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். பாதி வழியில் டயர் பஞ்சர். பயணிகள் எல்லாம் ஒரு வேப்பமரத்தடியில் இறங்கி நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் போனை எடுத்துப் புகார் செய்திருப்பார்கள், நானும் ஒருவனாக. இங்கே ஒருவர் டிரைவருக்கு ஜாக்கி பிடித்தார், ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார், பூக்கூடை வைத்திருந்த அம்மா எல்லோருக்கும் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நானும் போய்ச் சக்கரத்தை உருட்டினேன். கை கறுத்துப் போனது.

ஆர்டர் கொடுத்த விவசாயி சின்னச்சாமி வயலிலேயே இருந்தார். மேட்டுப்பாத்தி முழுக்க மூடாக்குத் தாள் விரித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, தாளில் வட்ட வட்டமாகத் துளைகூடப் போட்டாயிற்று. நாற்று மட்டும்தான் பாக்கி. முருகேஸ்வரி நேராக விஷயத்துக்கு வந்தாள். "நாத்து செத்துப் போச்சுண்ணே. மறுபடி கட்டப் போறோம். அஞ்சு நாளு கூடுதலா வேணும்." திறந்தது நான் என்று நானும் சொன்னேன்.

"நடவுக்கு ஆளு சொல்லிட்டேனே தாயி!" தலையில் கட்டிய துண்டை உதறினார். வரப்பில் அந்தக் கடைசி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். "இதச் சொல்லவா இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்தீங்க? போன்ல சொன்னா என்ன?"

"போன்ல சொன்னா நீங்க ஏசுறது முழுசாக் கேக்காதுல்லண்ணே."

மனிதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "ரூமு தொறக்குற அன்னிக்கு நானே வருவேன். செடியப் பாத்துட்டு எனக்குப் பிடிக்கலைன்னா வேற பக்கம் வாங்கிக்கிருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது." எங்களை வெறும் வயிற்றோடும் அனுப்பவில்லை. கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார். என் சொம்பு காலியாகக் காலியாக அவரே ஊற்றினார். நாற்றைக் கொன்றவனுக்குக் கூழ் ஊற்றுகிற கையைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

அடுத்த இரண்டு நாளும் எல்லோரும் மறுபடி பிளேடோடு மேசையில் உட்கார்ந்தோம். தங்கள் வேலையை ஒருவன் பாழாக்கிவிட்டான் என்று ஏழு பேருக்கும் தெரியும். முணுமுணுக்கவாவது செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் செய்யவில்லை. நான் தலையை நிமிர்த்தாமல் கட்டினேன். சாய்வு வெட்டு ஓரளவு வசமாகியிருந்தது, ஆனாலும் கடைசி ஆள் நான்தான். இரண்டாம் நாள் மத்தியானம் கை மரத்துப்போய், இன்னும் எத்தனை தட்டு என்று நிமிர்ந்து பார்த்தேன். என் வரிசையின் அந்தக் கோடியில் பாக்கியம் அக்கா உட்கார்ந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். யாரும் என்னைப் பார்க்கவில்லை, கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளக் குனிந்தேன். பாக்கியம் அக்கா விடுவாரா? "அப்பு, கண்ணத் தொடச்சுட்டு வெட்டு. கையில பிளேடு இருக்கு" என்றார். நடுவில் இருவரும் சந்தித்தோம். கடைசி நாற்றை அவர்தான் நீட்டினார், கிளிப்பை நான் மாட்டினேன்.

தட்டுகள் உள்ளே போனதும் முருகேஸ்வரி புதுப் பூட்டு ஒன்றைப் போட்டாள். திண்டுக்கல் பூட்டுத்தான், கையில் எடுத்தால் கல் மாதிரி கனம். எனக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. ஒரு நாள் மலைக்கோட்டை ஏறி மூச்சு வாங்கினேன். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளும் தண்டவாளமுமாகத் தெரிந்தது. ஒரு நாள் சின்னாளபட்டி போய் என் மனைவிக்குச் சுங்குடிச் சேலை எடுத்தேன். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரர் பொறுமையாகப் பிரித்துப் பிரித்துப் போட்டுவிட்டு, "மொதல்ல எடுத்ததுதான சார் இது?" என்றார். சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்து மேசையில் வைத்தேன். எங்கே போனாலும் மனம் அந்த பிளாஸ்டிக் அறையைச் சுற்றித்தான் வந்தது. "எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "ரூமு தொறக்குறப்ப தெரியும்ணே" என்பாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பாக்கியம் அக்கா சொன்னார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் சின்னச்சாமி சொன்னபடி வந்துவிட்டார். தங்கவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முருகேஸ்வரி பூட்டைத் திறந்தாள். சட்டென்று திரையைத் தூக்காமல், ஒரு ஜாண் மட்டும் விலக்கிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு இன்னொரு ஜாண். காற்றைச் செடிக்குப் பழக்குகிறாளாம்.

உள்ளே பச்சை நின்றுகொண்டிருந்தது. காற்று வந்த ஓரத்தில் ஒரு தட்டில் கொஞ்சம் பட்டுப்போயிருந்தது, நான் கட்டியதிலும் சில போயிருக்கும். மற்றதெல்லாம் விறைப்பாக, புதுத் துளிர் ஒன்று விட்டு. சின்னச்சாமி ஒரு நாற்றை எடுத்து, கிளிப்புக்கு மேலே பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். ஒட்டு அசையவில்லை. இன்னொன்று, மூலையிலிருந்து. அதுவும் அசையவில்லை. "நெழல்ல நாலு நாளு வச்சு அனுப்பு தாயி. ஆளுகளுக்குச் சொல்லிருறேன்" என்றார்.

முருகேஸ்வரி அழவில்லை, சிரிக்கவுமில்லை. பட்டுப்போன நாற்றுகளைப் பிடுங்கி ஓரமாகப் போட ஆரம்பித்தாள். தங்கவேலின் போன் அடித்தது. யாரோ ஒரு புது ஆர்டர். எப்போதும் அவரே ஒரு தேதி சொல்லிவிட்டு, பிறகு அதற்குள் முடிக்கச் சொல்லிப் பெண்களை விரட்டுவது அவர் வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று போனைக் கையால் பொத்திக்கொண்டு, "முருகேஸ்வரி, நத்தத்துக்காரர் தக்காளி ஒட்டு கேக்குறாருங்க. எப்பக் குடுக்கலாம்?" என்றார்.

அவள் குனிந்தபடியே யோசித்தாள். "இருவது நாளு ஆகும்ணே."

"இருவது நாளுங்க" என்றார் அவர் போனில்.

பக்கத்தில் நின்ற பாக்கியம் அக்கா என் காலை மிதித்தார். ரூமு இனி அவளுக்குத்தான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை ஊரிலிருந்து முதலாளி போன் செய்தார். கற்றுக்கொண்டாயா என்று கேட்டார். ஒரு அறை நாற்றைக் கொன்றேன், ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன், பிறகு கற்றுக்கொண்டேன் என்றேன். பதினோரு வருடத்தில் என் தப்பு ஒன்றை நானாக அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி, வந்து சேர்" என்றார். ஒட்டுக் கூடம் என்ன ஆகும் என்று அப்போதும் தெரியவில்லை. ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

கிளம்பும் நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பாக்கியம் அக்கா ஒரு பை நிறையச் சுண்டை வற்றல் கொடுத்தார். தங்கவேல், "அடுத்த தடவ பஸ்ஸக் கேட்டு ஏறுங்க" என்று கை குலுக்கினார். முருகேஸ்வரியைக் காணவில்லை. ஈர ரூமுக்குள் புதுசாக வந்த தட்டுகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே, தக்காளித் தட்டுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவள், என் முடிச்சை யாருக்கும் தெரியாமல் அவிழ்த்தவள், எரியோட்டு வரப்பில் எனக்கும் சேர்த்துத் தைரியமாக நின்றவள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே திரையைக் கொஞ்சம் விலக்கித் தலையை உள்ளே நீட்டினேன்.

"முருகேஸ்வரி, ரொம்ப நன்றிம்மா. உன்னாலதான்..."

"அண்ணே, வெளிய நில்லுங்க!" ஓடிவந்து திரையை என் மூக்குக்கு முன்னால் இழுத்து மூடினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அடுத்த தடவ வந்தா கூப்புட்டுக் கேட்டுட்டுத் தொறங்க. இது என் ரூமு."

"சரிம்மா" என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் தண்ணீர் அடித்து முடித்து வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.